அந்தமான் பயணம்: டிசம்பரா, மார்ச்சா, மே மாதமா?

நவம்பர் பிறந்தால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒன்றிரண்டு அந்தமானைப் பற்றியவையாக இருக்கும். போன வாரம் சித்தி மகள் கேட்டாள்: “அண்ணா, அரையாண்டு விடுமுறையில் போகலாமா, இல்லை மே மாதத்துக்குத் தள்ளிவைக்கலாமா? ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள்.” ஒரே வார்த்தையில் சொல்வதானால், இரண்டும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கணவரின் விடுப்பையும் மாமியாரின் முழங்கால் வலியையும் கணக்குப் பார்க்கிறவளிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைக்க முடியாது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் அங்கே மூன்று முறை போயிருக்கிறேன். ஒரு டிசம்பரில் அப்பா அம்மாவோடு, ஒரு ஜூலையில் தனியாக, ஒரு மார்ச்சில் மனைவி, மகளோடு. மூன்றும் மூன்று வெவ்வேறு ஊர்களுக்குப் போய்வந்ததுபோல இருந்தன. தீவு அதேதான், கடல்தான் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. போர்ட் பிளேரின் அரசுப் பெயர் 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவு ஷஹீத் த்வீப் என்றும் 2018 டிசம்பரிலேயே மாற்றப்பட்டுவிட்டன. முன்பதிவு செய்யும்போது இரண்டு பெயர்களும் கலந்து கண்ணில் படும், குழம்ப வேண்டாம். நான் இங்கே பழகிய பெயர்களையே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது?

எல்லோரும் முதலில் கேட்பது “மழை பெய்யுமா?” என்றுதான். நியாயமான கேள்விதான், ஆனால் அந்தமானில் அதற்கு இரண்டாம் இடம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை என்றால், போர்ட் பிளேரில் சுமார் 3,000 மி.மீ. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே அந்தத் தீவுகளை நனைக்கின்றன. மழையே இல்லாத நாளைத் தேடினால் ஆண்டில் நான்கு மாதம்தான் மிஞ்சும். அதே சமயம், அங்கே மழை பல நாட்களில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயிலுக்கு வழிவிட்டுவிடும். மழையில் நனைந்து யாருடைய பயணமும் கெட்டதில்லை.

பயணத்தைக் கெடுப்பது காற்று. அந்தமான் விடுமுறை என்பது உண்மையில் தீவு விட்டுத் தீவு போவதுதான். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், மறுபடியும் போர்ட் பிளேர். தனியார் விரைவுப் படகில் ஒரு கட்டம் ஒன்றரை மணி நேரம்; அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் வரை ஆகும். காற்று வலுத்தால் துறைமுகத்தில் படகுகளை நிறுத்திவிடுவார்கள். படகு நின்றால் ஹோட்டல் முன்பதிவு, ஸ்கூபா (மூச்சுக்கருவியோடு கடலடியில் நீந்துவது) முன்பதிவு, திரும்பும் விமானம் எல்லாம் வரிசையாகச் சரியும். ஆகவே என் முதல் அளவுகோல்: அந்த மாதத்தில் படகு ஓடுமா?

இரண்டாவது, நீரின் தெளிவு. பவளப்பாறைகளையும் மீன்களையும் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் போகிறோம். மழை ஆற்றுச் சேற்றைக் கடலில் கொட்டும், அலை மணலைக் கலக்கும். காற்று அடங்கிய மாதங்களில் மட்டுமே கடல் கண்ணாடியாகும்.

மூன்றாவது செலவு. விமானக் கட்டணம், அறை வாடகை, இவற்றோடு வெளியே தெரியாத செலவுகளும் உண்டு. அவற்றை அந்தந்தப் பருவத்தில் சொல்கிறேன்.

நான்காவது உடன் வருபவர்கள். எழுபது வயது அம்மாவுக்குப் பொருந்தும் மாதமும் பதினோரு வயது மகளுக்குப் பொருந்தும் மாதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வெப்பநிலையை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 23 முதல் 31 டிகிரிக்குள்தான் இருக்கும். புழுக்கம் மட்டும் கூடிக் குறையும்.

## டிசம்பர் கடைசி: அரையாண்டு விடுமுறை

தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் காலம் இது. பிள்ளைகளுக்கு விடுமுறை, அலுவலகத்தில் மிச்ச விடுப்பு, வானமும் மெல்லத் தெளியும். மாதக் கடைசி வாரத்தில் கடல் பெரும்பாலும் படகுக்கு இடம் கொடுத்துவிடும் என்பதும் உண்மைதான்.

ஆனால் டிசம்பரின் முதல் பாதியையும் கடைசி வாரத்தையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. வங்கக் கடலில் புயல் உருவாகும் பருவம் டிசம்பர் நடுப்பகுதி வரை நீள்கிறது. 2016 டிசம்பரில் பின்னாளில் வர்தா புயலாக மாறிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டுவந்தன. அதே புயல் டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையைத் தாக்கியபோது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு டிசம்பரில் இருக்கும் சிக்கல் இது: அங்கே கடல் அமைதியாக இருந்தாலும் இங்கே ஓடுபாதை மூழ்கியிருக்கக்கூடும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் இரண்டாம் வாரம், நீல் தீவின் படகுத்துறை. காலை ஆறு மணிக்கே பெட்டிகளோடு போய் நின்றோம். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில், மழை படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. இந்தி தெரிந்த ஒருவர் படித்துச் சொன்னார்: இன்று படகு இல்லை. எவ்வளவு நாள் என்று எழுதவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. வாடைக்காற்று தென்னை மட்டைகளை ஒரே பக்கமாக வாரிப் பிடித்திருந்தது. அப்பாவின் சர்க்கரை மாத்திரை அன்று காலையோடு தீர்ந்துபோயிருந்தது. தீவின் சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கிடைத்துவிட்டது. அந்த இரண்டு மணி நேரம் அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை. நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாள், வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர், இரண்டு இரவும் சோறும் பருப்பும் மீனும் போட்டார். மூன்றாம் நாள்தான் படகு வந்தது. அதற்குள் விமானம் போய்விட்டது. புதிதாக எடுத்த மூன்று டிக்கெட்டுகளின் விலை, முதலில் போக வர எடுத்ததைவிட அதிகம்.

கடைசி வாரத்தின் மறைமுகச் செலவுகள் வேறு வகை. விமானக் கட்டணம் பிப்ரவரியைப்போல இரண்டு மடங்காவது சாதாரணம். பல ஹோட்டல்கள் 24, 31 தேதிகளில் விருந்துக் கட்டணம் என்று ஒன்றைக் கட்டாயமாகச் சேர்க்கும். அறை வாடகையைப் பார்க்கும்போது அது கண்ணில் படாது. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் தோளோடு தோள் நிற்கும். அதுவும் சீக்கிரம் முடிந்துவிடும்: அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரம்தான் காட்டுகிறது, ஆகவே டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் கடலில் இறங்கிவிடும். சென்னை நினைப்பில் நான்கரை மணிக்கு அறையிலிருந்து கிளம்பினால் இருட்டைத்தான் பார்க்கலாம்.

வேறு விடுமுறையே இல்லாதவர்களுக்கு மட்டும் டிசம்பர் கடைசி வாரம். போவதென்றால் செப்டம்பரிலேயே விமானத்தையும் படகையும் பதிவு செய்துவிடுங்கள்.

## ஜனவரி, பிப்ரவரி: பொங்கலை ஒட்டி

புத்தாண்டுக் கூட்டம் கலைந்ததும் அந்தமான் மூச்சு விடும். ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மழை மிகவும் குறைந்துவிடும். இரவுகளில் இதமான குளிர். பெற்றோரோடு போக இதைவிட நல்ல மாதம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். செல்லுலார் சிறையின் மாடிப்படிகளில் ஏறி இறங்கினாலும், ராஸ் தீவில் இடிந்த ஆங்கிலேயர் கட்டடங்களுக்கிடையே நடந்தாலும், வியர்த்து மூச்சு வாங்காது.

குறை என்றால் வாடைக்காற்று. ஜனவரி முழுவதும் அது முற்றாக ஓய்வதில்லை. கிழக்கைப் பார்த்த கடற்கரைகளில் அலை கொஞ்சம் இருக்கும். மேற்கைப் பார்த்த ராதாநகர் இந்த மாதங்களில் குளம்போலக் கிடக்கும். 2019 ஜனவரி முதல் வாரத்தில் பபுக் புயல் தாய்லாந்துப் பக்கமிருந்து அந்தமான் கடலுக்குள் வந்தது. ஆகவே “ஜனவரியில் புயலே வராது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அது அரிது.

வடக்கே திக்லிபூர் வரை போக நேரமிருந்தால், காலிப்பூர் கடற்கரையில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கடலாமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். வனத்துறையின் அனுமதியோடு, விளக்கில்லாமல் பார்க்கலாம். பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் பேசுவார்கள்.

பொங்கல் விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் விடுப்புச் சேர்த்தால் ஒரு வாரம் கிடைத்துவிடும். குடியரசு தினம் சனி, ஞாயிறோடு ஒட்டிவரும் ஆண்டுகளில் மட்டும் அந்த நான்கு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கட்டணம் டிசம்பருக்கு இணையாக ஏறும். பிப்ரவரியில் மழை, கூட்டம், கட்டணம் மூன்றும் ஒருசேரக் குறைந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்கள் வேறெதையும் யோசிக்காமல் பிப்ரவரி இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்ளலாம்.

## மார்ச், ஏப்ரல்: கடல் கண்ணாடியாகும் காலம்

வாடை போய், தென்மேற்குக் காற்று இன்னும் வராத இடைவெளி இது. இரண்டு காற்றுக்கும் நடுவே கடல் அசையாமல் நிற்கும். நல்ல நாட்களில் நீருக்கடியில் 20 மீட்டருக்கு மேல் தெளிவாகத் தெரியும். ஸ்கூபா பயிற்சியாளர்கள் தங்கள் சொந்த மகிழ்ச்சிக்காகக் கடலில் இறங்கும் மாதங்கள் இவைதான் என்று ஒருவர் என்னிடம் சொன்னார்.

மார்ச் மாதம் ஒரு காலை, ஹேவ்லாக்கின் எலிஃபெண்ட் பீச். மகள் நீந்தத் தெரிந்தவள், ஆனால் கடலுக்குப் பயந்தவள். முகமூடியை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி இடுப்பளவு நீரில் முகத்தை மட்டும் உள்ளே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் என் கை விடுபட்டது. நானும் தலையை நீருக்குள் விட்டேன். நீலமும் பச்சையுமாக ஒரு கிளிமீன், எங்களிடமிருந்து இரண்டு முழ தூரத்தில் பவளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டது: முறுக்கைக் கடிப்பதுபோல, நீருக்குள் துல்லியமாக, கறுக், கறுக் என்று. மகள் தலையைத் தூக்கி முதலில் கேட்ட கேள்வி, “அப்பா, அது சாப்பிடுகிற சத்தம் எனக்கு எப்படிக் கேட்டது?” டிசம்பரில் அதே கடற்கரையில் கலங்கிய நீரில் என் சொந்தக் கால்கூட எனக்குத் தெரியவில்லை.

போர்ட் பிளேரை அடுத்த வண்டூரிலிருந்து போகும் ஜாலி பாய் தீவும் இந்தக் காலத்தில் திறந்திருக்கும். ஆண்டின் பாதி ஜாலி பாய், மறு பாதி ரெட் ஸ்கின் என்று மாற்றி மாற்றித் திறப்பது அங்குள்ள கடல் தேசியப் பூங்காவின் வழக்கம். பவளத்துக்கு ஓய்வு வேண்டுமல்லவா. வறண்ட மாதங்களில் ஜாலி பாயின் முறை. இரண்டில் பவளம் அழகாக இருப்பது அங்கேதான். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோக முடியாது, திங்கட்கிழமை விடுமுறை.

மறைமுகச் செலவு இங்கேயும் உண்டு. மார்ச் கடைசியிலிருந்து போர்ட் பிளேரில் தண்ணீர்த் தட்டுப்பாடு தொடங்கிவிடும். தனிகாரி அணையின் நீர்மட்டம் இறங்கிவிட்டால் உள்ளூர் வீடுகளுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். வாளித் தண்ணீரில் குளிக்க மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு போங்கள். நாம் திறந்துவிடும் ஷவர் அவர்களுடைய குடிநீர். ஏப்ரலில் புழுக்கமும் கடுமையாக இருக்கும். காலை ஐந்தே காலுக்கே வெளிச்சம் வந்துவிடுவதால், பத்து மணிக்குள் வெளி வேலைகளை முடித்துவிட்டு, நிழலில் ஒதுங்கி, மூன்று மணிக்குப் பிறகு மறுபடியும் கிளம்புவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் கடல் நீரின் வெப்பம் உச்சத்துக்குப் போகும். 2010-இல் அந்த வெப்பம் தாங்காமல் அந்தமானின் பவளங்கள் பரவலாக வெளுத்துப்போயின. அதற்குப் பிறகும் அது நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் நிறங்களைத் தேடிப் போகிறவர்கள் வெள்ளை எலும்புக்கூடுகளைப் பார்த்துத் திரும்புவார்கள். ஆகவே ஏப்ரலைவிட மார்ச் ஒரு படி மேல்.

பங்குனி உத்திரம் இந்த நாட்களில்தான் வரும். போர்ட் பிளேரில் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். வெற்றிமலை முருகன் கோயிலில் காவடிகளோடு விழா நடக்கும். கடலுக்கு நடுவே அரோகரா கேட்பது எனக்குப் பெரிய ஆனந்தமாக இருந்தது.

## மே: கத்திரி வெயிலுக்குத் தப்பி ஓடுகிறவர்களுக்கு

என் சித்தி மகளைப் போன்றவர்கள் ஏமாறுவது இந்த மாதத்தில்தான். மே 4-ஆம் தேதி வாக்கில் இங்கே அக்னி நட்சத்திரம் தொடங்கும். வீட்டில் புழுங்கிக்கொண்டு நீலக் கடலின் படத்தைப் பார்த்தால் கால் தானாக அங்கே இழுக்கும். விமானக் கட்டணமும் டிசம்பரைவிடக் குறைவாகத் தெரியும்.

ஆனால் இந்தியாவுக்குள் தென்மேற்குப் பருவமழை முதலில் கால் வைக்கும் இடமே அந்தமான்தான். கேரளாவுக்கு ஜூன் 1 என்றால் அந்தமான் கடலுக்கு மே 20 வாக்கில். 2025-இல் மே 13-ஆம் தேதியே தெற்கு அந்தமான் கடலைத் தொட்டுவிட்டது. அதற்கு முன்னால் வங்கக் கடலில் கோடைப் புயல்கள் வேறு. 2023 மே மாதத்தில் மோக்கா உருவானது அந்தப் பக்கத்தில்தான். நமக்குக் கத்திரி உச்சத்தில் இருக்கும் நாட்கள், அவர்களுக்கு மழை இறங்கும் நாட்கள்.

மே முதல் வாரத்தில் போய் நல்ல கடலைப் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு. மே 15-க்குப் பிறகு குடும்பத்தோடு போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முன்பதிவு செய்த பணத்தில் பாதி திரும்ப வராது, பிள்ளைகள் ஹோட்டல் அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அலைச்சறுக்கு தெரிந்த இளைஞர்கள்கூட லிட்டில் அந்தமானின் பட்லர் பே கடற்கரைக்கு மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே நடுப்பகுதிக்குள்தான் போவார்கள்.

மே கடைசியில்தான் போக முடியும், தீவுதான் வேண்டும் என்றால், இலங்கையின் கிழக்குக் கரையைப் பாருங்கள். தென்மேற்குக் காற்று அந்தத் தீவின் மேற்கையும் தெற்கையும் அலைக்கழிக்கும் அதே மாதங்களில் திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா எல்லாம் அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை அவர்களுக்கு அதுதான் நல்ல பருவம். புறாத்தீவில் பவளமும் இருக்கிறது, பேசத் தமிழும் இருக்கிறது.

## ஜூன் முதல் செப்டம்பர் வரை: மழைத்தீவு

குடும்பத்தோடு வேண்டாம். தனியாகவோ இருவராகவோ, நாள் கணக்குப் பார்க்காமல் போகக்கூடியவர்களுக்கு இது வேறு ஓர் அனுபவம். நான் ஜூலையில் போனபோது அறை வாடகை மார்ச்சில் கொடுத்ததில் பாதிதான். ராதாநகரில் சிவப்புக் கொடி, கடலில் இறங்கவே விடவில்லையாம். ஜாலி பாய் மூடியிருந்தது. ஹேவ்லாக் போகும் எண்ணத்தை இரண்டாம் நாளே விட்டுவிட்டேன்.

மழை கொட்டிக்கொண்டிருக்க, செல்லுலார் சிறையின் நடுக்கோபுரத்தின் கீழ் ஒதுங்கி நின்றேன். 1906-இல் கட்டி முடித்தபோது ஏழு சிறகுகள் இருந்தன, இன்று மூன்றுதான். நீண்ட தாழ்வாரத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. ஒவ்வொரு கொட்டடியின் உயர்ந்த சிறு ஜன்னல் வழியாகவும் மழைச் சத்தம் மட்டும் வந்தது. டிசம்பரில் அதே இடத்தில் புகைப்படத்துக்கு வரிசையில் நின்றோம். அந்தச் சிறை என்ன என்பது எனக்குப் புரிந்தது ஜூலையில்தான்.

பலத்த காற்றில் போர்ட் பிளேரில் இறங்க முடியாமல் விமானங்கள் வட்டமிட்டுச் சென்னைக்கே திரும்புவதும் இந்த மாதங்களில் நடக்கும். குறைந்தது இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளின் வாடகையையும் சாப்பாட்டையும் கூட்டினால், பாதி விலை அறையின் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். கப்பலில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: சென்னையிலிருந்து கிட்டத்தட்ட மூன்று நாள் பயணம், மழைக்காலத்தில் கப்பல் ஆடும். கப்பல் பயணம் வேண்டுமென்றால் பிப்ரவரியில் வையுங்கள்.

## அக்டோபர், நவம்பர்

காலாண்டு விடுமுறையும் தீபாவளியும் வருவதால் ஆசை எழும். வங்கக் கடலின் புயல்களுக்கும் இதுவே பருவம். 2014-இல் விசாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட ஹுட்ஹுட், அதற்கு நான்கு நாள் முன்பு, அக்டோபர் 8-ஆம் தேதி, லாங் தீவருகே அந்தமானைக் கடந்துதான் போனது. 2013 நவம்பரில் லெஹர். நல்ல வாரம் வாய்த்தால் பசுமையும் குறைந்த கூட்டமும் மிக அழகு. ஆனால் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| காலம் | படகு ஓடுமா | நீரின் தெளிவு | செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| டிசம்பர் 1–15 | ஐயம் | குறைவு | நடுத்தரம் | தவிர்க்கலாம் |
| டிசம்பர் கடைசி வாரம் | பெரும்பாலும் | நடுத்தரம் | மிக அதிகம் | வேறு விடுமுறை இல்லாதவர்கள் |
| ஜனவரி 10 – பிப்ரவரி | ஓடும் | நன்று | நடுத்தரம் | பெற்றோருடன் போகிறவர்கள், முதல்முறை போகிறவர்கள் |
| மார்ச் – ஏப்ரல் நடு | நன்றாக ஓடும் | மிக நன்று | நடுத்தரம் | ஸ்கூபா, ஸ்நார்கெலிங் (முகமூடியோடு மேல்நீரில் நீந்துவது), நீந்தும் பிள்ளைகள் |
| ஏப்ரல் கடைசி – மே 10 | பெரும்பாலும் | நன்று, பவளம் வெளுக்கலாம் | நடுத்தரம் | கோடை விடுமுறைக் குடும்பங்கள் |
| மே 15 – செப்டம்பர் | ஐயம் | குறைவு | குறைவு, உபரி நாட்களால் ஏறும் | தனியாகப் போகிறவர்கள் |
| அக்டோபர் – நவம்பர் | ஐயம் | மாறும் | குறைவு முதல் நடுத்தரம் வரை | தேதியை மாற்ற முடிந்தவர்கள் |

## சித்தி மகளுக்குச் சொன்னது

மாமியார் உடன் வருவதால் பொங்கல் வாரம். அது முடியாவிட்டால், பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே கிளம்பி ஏப்ரல் கடைசிக்குள் திரும்பிவிடுவது. அப்போது மாமியாரை ஊரில் விட்டுவிட்டுப் போக நேரலாம், புழுக்கம் அவருக்கு ஆகாது. மே நடுவில் ஊட்டிக்குப் போய்க்கொள்ளட்டும்.

எந்த மாதமானாலும் பயணத்தின் வரிசையை மாற்றச் சொன்னேன். பலரும் முதலில் போர்ட் பிளேரை முழுதாகச் சுற்றிவிட்டு, கடைசியில் ஹேவ்லாக்கும் நீலும் போய், படகில் இறங்கிய அன்றே விமானம் ஏறும்படி திட்டம் போடுகிறார்கள். அது ஆபத்து. இறங்கிய மறுநாள் காலையிலேயே தீவுகளுக்குப் போய்விடுங்கள். செல்லுலார் சிறை, ராஸ் தீவு, வண்டூர் எல்லாவற்றையும் கடைசி இரண்டு நாளுக்கு வைத்துக்கொண்டால், ஒரு நாள் படகு நின்றாலும் விமானம் தப்பும். ஸ்கூபா செய்கிறவர்களுக்கும் இந்த வரிசைதான் வேண்டும்: கடலடியிலிருந்து வந்த பிறகு குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள், விமானம் ஏறக் கூடாது. ஸ்கூபாவுக்குப் பிள்ளைகளுக்குப் பத்து வயது ஆகியிருக்க வேண்டும். அவளுடைய சின்னவனுக்கு ஒன்பதுதான், அவனுக்கு முகமூடியும் மிதவையும் போதும்.

தேதி குறிக்கும்முன் நாள்காட்டியில் அமாவாசையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். நிலவில்லாத இரவில் ஹேவ்லாக்கின் கரையோர நீரைக் கையால் அளைந்தால் நீலப் பொறிகள் மின்னும். நுண்ணுயிர்களின் ஒளி அது, நிலவிருந்தால் கண்ணுக்குப் புலப்படாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக உள்வாங்கும் என்பதால், நீல் தீவின் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு அடியிலும் நடந்து போகலாம். உள்வாங்கும் நேரத்தை முந்தின நாள் மாலை தங்கும் வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். மறக்காமல் மாமியாரின் மாத்திரைகளைத் தேவைக்கு மேல் ஐந்து நாளுக்கு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.